வேலி, வரப்பு, எல்லைக்கல்: தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்துக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பக்கத்து நிலத்துக்காரர் என் எல்லைக்குள் வேலி போட்டுவிட்டார். பிடுங்கிப் போட்டுவிடலாமா?

வேண்டாம். பிடுங்கினால் மறுநாள் காவல் நிலையத்தில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். சொத்தைச் சேதப்படுத்தியதாகப் புகார் வரும். நிலம் யாருடையது என்ற பேச்சு பின்னுக்குப் போய்விடும். குழி எடுக்கும்போதே தெரிந்துவிட்டால் அன்றே நேரில் போய்ச் சொல்லுங்கள். அளந்து பார்க்கும்வரை வேலையை நிறுத்தும்படி ஒப்புகையுடன் விரைவுத் தபாலும் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். படம் எடுக்கும்போது வேலியை மட்டும் எடுத்தால் பின்னால் பயன்படாது. இடம்பெயராத ஏதாவது ஒன்று, கிணறோ எண் எழுதிய மின்கம்பமோ, அதே படத்தில் விழ வேண்டும்.

எல்லைக்காரர் பெரும்பாலும் பங்காளியாகவே இருப்பார். "சித்தப்பா, ரெண்டு பேரும் பாதிப் பாதி காசு போட்டு சர்வேயர வெச்சு அளந்துக்கலாம். கல்லு எங்க விழுதோ அங்க வேலி" என்று கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை. கேட்கும்போது ஊர்ப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் நல்லது.

முதலில் என்னென்ன காகிதம் சேர்க்க வேண்டும்?

உங்கள் கிரயப் பத்திரமும் அதற்கு முந்தைய மூலப் பத்திரமும், வில்லங்கச் சான்று, பட்டா, கிராமத்தின் நிலக் கணக்கான அ-பதிவேட்டின் நகல், நிலத்தின் கோடும் அளவும் காட்டும் புலப்படம் என்கிற எஃப்.எம்.பி., கிராம வரைபடம். பட்டா, அ-பதிவேடு, புலப்படம் மூன்றையும் தமிழக அரசின் இ-சேவை நில ஆவணத் தளத்திலேயே எடுக்கலாம். வில்லங்கச் சான்று பதிவுத்துறைத் தளத்தில் கிடைக்கும். மிகப் பழைய ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் தேடச் சொல்ல வேண்டியிருக்கும். பக்கத்து உட்பிரிவின் (சர்வே எண்ணுக்குள் பிரிந்த துண்டின்) புலப்படத்தையும் அ-பதிவேட்டையும் சேர்த்து எடுங்கள். தன் காகிதத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சண்டைக்குப் போகிறவர்கள் இதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

பழைய பத்திரத்தில் மாவட்டப் பெயர் வேறாக இருந்தால் பதற வேண்டாம். தருமபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது 1965 அக்டோபர் 2-ல். கிருஷ்ணகிரி மாவட்டம் தருமபுரியிலிருந்து பிரிந்தது 2004 பிப்ரவரி 9-ல். ஆகவே ஒரே ஊத்தங்கரை நிலத்துக்கு மூன்று பத்திரத்தில் மூன்று மாவட்டப் பெயர் இருக்கலாம். வட்டங்களும் பிரிந்திருக்கின்றன. கிராமப் பெயர், சர்வே எண், செக்குபந்தி (நான்கெல்லை விவரம்) மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

பத்திரத்தில் 1 ஏக்கர், பட்டாவில் 0.38.50 என்று இருக்கிறது. மீதி நிலம் பக்கத்துக்காரரிடமா போனது?

அப்படி முடிவு கட்ட முடியாது. 0.38.50 என்றால் 38.5 ஏர். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், அதாவது 2.47 சென்ட். கணக்குப் போட்டால் 95 சென்ட் சொச்சம் வரும். 1 ஏக்கருக்கு 40.47 ஏர் வேண்டும். சுமார் 5 சென்ட் குறைகிறது.

குறைவதற்குக் காரணம் பல. வரப்பையும் பாதையையும் சேர்த்து "சுமார் 1 ஏக்கர்" என்று அந்தக் காலத்தில் எழுதியிருக்கலாம். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், நாம் யூ.டி.ஆர். என்கிறோமே, அதில் உட்பிரிவுக் கோடு தள்ளி விழுந்திருக்கலாம். சாலை அகலப்படுத்தக் கையகம் செய்திருக்கலாம். யூ.டி.ஆரில் பிழை என்றால் பக்கத்து உட்பிரிவில் அதே அளவு கூடியிருக்கும். அவருடைய மூலப் பத்திரத்தின் பதிவு நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்கி அவர் பட்டாவோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். அங்கே கூடவில்லை என்றால் உங்கள் 5 சென்ட் காகிதத்தில் மட்டும் இருந்த நிலம்.

பத்திரத்தின் பரப்பளவும் செக்குபந்தியும் முரண்பட்டால் நீதிமன்றங்கள் பொதுவாக நான்கெல்லைக்கே முதலிடம் தருகின்றன. "கிழக்கே ஓடை, வடக்கே வண்டிப்பாதை" என்று அசையாத எல்லை எழுதியிருந்தால் அந்தப் பத்திரத்துக்கு வலு அதிகம். "வடக்கே இன்னார் நிலம்" என்று மட்டும் இருந்தால் அவர் நிலம் எங்கே முடிகிறது என்ற கேள்வி திரும்ப வந்து நிற்கும்.

புலப்படத்தை வைத்து நானே அளந்து பார்க்கலாமா?

பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். சர்வேயரைக் கூப்பிடலாமா என்று தீர்மானிக்க அது போதும். எதிராளியிடம் காட்டும் சான்றாக ஆகாது.

முதல் எச்சரிக்கை: அச்செடுத்த தாளில் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். பிரவுசிங் சென்டரில் தாளுக்கு ஏற்றபடி சுருக்கியோ பெருக்கியோ அச்சாகியிருக்கும். படத்தில் எழுதியுள்ள அளவுவிகிதம் அந்தத் தாளுக்குப் பொருந்தாது. கோட்டின் மேல் எழுதியுள்ள எண்ணை மட்டும் எடுங்கள். புதிய படங்களில் அது மீட்டர். பழைய கையெழுத்துப் படமாக இருந்தால் லிங்க்ஸ்: 100 லிங்க்ஸ் ஒரு செயின், அதாவது 66 அடி, ஒரு லிங்க் 7.92 அங்குலம், 20.1 செ.மீ. இதை மீட்டர் என்றோ அடி என்றோ எடுத்துக்கொண்டு தலையில் கை வைத்தவர்கள் உண்டு.

அளக்க இரும்பு டேப் எடுங்கள். துணி டேப் இழுத்தால் நீளும். தெரிந்த இரண்டு கற்களிலிருந்து தொடங்குங்கள். அவற்றின் இடைவெளியே படத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் ஒரு கல் நகர்ந்திருக்கிறது. அதை நம்பி மூன்றாவது புள்ளியைக் குறிக்க வேண்டாம். ஒத்துப்போனால், இரண்டிலிருந்தும் மூன்றாம் மூலைக்கு உள்ள தூரங்களை இரண்டு டேப்பால் பிடித்து, அவை சந்திக்கும் இடத்தில் குச்சி அடியுங்கள். செங்குத்து அளவு எடுக்க வேண்டிய இடத்தில் 3, 4, 5 மீட்டர் முக்கோணம் போட்டு மூலைமட்டம் பாருங்கள்.

பென்னாகரம், அஞ்செட்டி, அரூர் பக்கத்துச் சரிவு நிலங்களில் வரும் பிழை வேறு. புலப்படத்தில் உள்ளது கிடைமட்ட தூரம். தரையோடு டேப்பைப் படுக்கவிட்டு அளந்தால் கூடுதலாகக் காட்டும். 10 டிகிரி சரிவில் டேப் 30 மீட்டர் காட்டும் இடத்தில் உண்மைத் தூரம் 29.54 மீட்டர்தான். ஒரு வீச்சுக்கே 46 செ.மீ. பிசகு, அதாவது ஒன்றரை அடி. 5 மீட்டர் துண்டுகளாக, டேப்பை மட்டமாகப் பிடித்து, தூக்கிய முனையிலிருந்து தூக்குக்குண்டு விட்டுப் புள்ளி வையுங்கள்.

எவ்வளவு வித்தியாசத்துக்குக் கவலைப்படலாம்? 60 மீட்டர் நீள வரப்பில் ஒரு லிங்க் தள்ளினால் 12 சதுர மீட்டர், சென்டில் 0.3. மானாவாரிக் கொல்லையில் இதற்கு வழக்குப் போடுவது வீண். ஓசூர் ஓரத்து வீட்டுமனையில் அதே 12 சதுர மீட்டர், 129 சதுர அடி, வேறு கதை.

சர்வேயரை வரவழைப்பது எப்படி?

"அத்து காட்டுதல்" என்று மனுக் கொடுக்க வேண்டும். பேச்சுவழக்கில் எஃப்-லைன் மனு. முன்பு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடக்க வேண்டியிருந்தது. 2023 நவம்பரிலிருந்து தமிழ் நிலம் தளத்தின் குடிமக்கள் பக்கத்திலோ இ-சேவை மையத்திலோ விண்ணப்பித்துக் கட்டணமும் கட்டலாம். அளக்கும் நாள் உங்களுக்கும் எல்லைக்காரர்களுக்கும் தெரிவிக்கப்படும். விண்ணப்பத்தில் எந்தப் பக்கத்து எல்லை தகராறில் இருக்கிறது என்று தெளிவாக எழுதுங்கள்.

பயிர் நிற்கும்போது விண்ணப்பிக்காதீர்கள். கரும்போ மரவள்ளியோ ஆளுயரம் நின்றால் கோடு பிடிக்க முடியாது. "பயிர் உள்ளதால் அளக்க இயலவில்லை" என்று மனு திரும்பிவிடும். அறுவடைக்குப் பின், உழவுக்கு முன் உள்ள நாட்களே தோது.

அளக்கும் நாளில் என்ன தயாராக இருக்க வேண்டும்?

எல்லையோரத்து முள்ளையும் உண்ணிச்செடியையும் முந்தின நாளே வெட்டிவிடுங்கள். கடப்பாரை, மண்வெட்டி, சுண்ணாம்புத் தூள், நூல் கயிறு, கூலிக்கு இரண்டு ஆள், நடுவதற்குக் கருங்கல். கல் அரை அடி மட்டும் வெளியே தெரியும்படி ஆழமாக இறங்க வேண்டும். மேலே துருத்திக்கொண்டு நிற்கும் கல்லை டிராக்டர் கலப்பை ஒரே பருவத்தில் சாய்த்துவிடும். குழியின் அடியில் கொஞ்சம் கரித்துண்டோ ஓட்டுச்சில்லோ போட்டு அதன் மேல் கல்லை நிறுத்துகிற பழக்கம் நல்லது. கல் போனாலும் இடம் தெரியும்.

சர்வேயர் எந்தக் கல்லிலிருந்து தொடங்குகிறார் என்பதைக் கவனியுங்கள், எல்லாமே அதைப் பொறுத்தது. தகராறு உள்ள மூலையிலிருந்தே தொடங்கினால், சற்றுத் தள்ளி யாரும் தகராறு செய்யாத பழைய கற்களிலிருந்து பிடித்து வரும்படி மரியாதையாகக் கேளுங்கள். முச்சந்திக்கல், அதாவது மூன்று சர்வே எண்கள் கூடும் இடத்துக் கல், பெரும்பாலும் நம்பத்தக்கது. செயற்கைக்கோள் வழி அளக்கும் ரோவர் கருவி கொண்டுவந்தாலும் பழைய கற்களோடு பொருத்திப் பார்ப்பது அவசியம்.

பக்கத்துக்காரர் வராவிட்டாலும், அவருக்கு அறிவிப்பு போய்ச் சேர்ந்திருந்தால் அளவை நடக்கலாம். வந்து, ஒத்துக்கொண்டால் அங்கேயே வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். முடிந்ததும் கையொப்பமிட்ட வரைபட நகலைக் கட்டாயம் எடுத்து வையுங்கள். வாய்மொழியாக "இதுதாங்க உங்க எல்லை" என்று காட்டிவிட்டுப் போனதற்கு நாளைக்கு மதிப்பில்லை.

கூட்டுப் பட்டா. என் பாகத்தை மட்டும் அளந்து தர மறுக்கிறார்களே?

சர்வேயர் மறுப்பது சரிதான். புலப்படத்தில் இல்லாத கோட்டை அவரால் தரையில் காட்ட முடியாது. கூட்டுப் பட்டாவில் மொத்தப் புலத்தின் வெளிக்கோடு மட்டுமே இருக்கிறது. அண்ணன் தம்பி நால்வரும் வாய்ப்பேச்சில் பிரித்துக்கொண்டு நாற்பது வருடம் உழுத வரப்பு அரசுப் பதிவில் இல்லவே இல்லை.

இந்த மாவட்டங்களில் வேலிச் சண்டை என்று வருவதில் பெரும்பகுதி உண்மையில் முடியாத பாகப்பிரிவினைச் சண்டை. வழி இரண்டுதான். எல்லாரும் சேர்ந்து பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்து, ஒவ்வொருவர் பாகத்துக்கும் நான்கு பக்க நீளத்தோடு வரைபடம் இணைத்து, உட்பிரிவுடன் பட்டா மாற்றத்துக்கு விண்ணப்பிப்பது. அல்லது உரிமையியல் நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்கு. கிணறு, பம்புசெட் மின் இணைப்பு, போக வரப் பாதை இவற்றைப் பத்திரத்தில் எழுதாமல் விட்டால் அடுத்த தலைமுறைக்கு ஒரு சண்டையை எழுதிவைத்த மாதிரி. பாதைக்கு அகலமும் எழுதுங்கள். "வழக்கம்போல் பாதை" என்பது டிராக்டர் வந்த பிறகு எத்தனை அடி என்று யாருக்கும் தெரியாது.

எல்லைக்கல்லையே காணோம். அவர்தான் பிடுங்கியிருக்க வேண்டும்.

இருக்கலாம். ஜே.சி.பி. வரப்பைச் சமன் செய்தபோது புதைந்தும் இருக்கலாம். சந்தேகத்தை வைத்துப் பெயர் சொல்லிப் புகார் எழுதுவதற்கு முன் கல் இருந்த இடத்தில் இரண்டடி தோண்டிப் பாருங்கள். 1923-ஆம் ஆண்டு தமிழ்நாடு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டப்படி எல்லைக்கல்லைப் பராமரிப்பது பட்டாதாரரின் பொறுப்பு. காணோம் என்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் தெரிவித்து நகலில் தேதியுடன் கையெழுத்து வாங்குங்கள்.

அரசு அளவர் நட்ட கல்லை வேண்டுமென்றே பிடுங்கியது தெரிந்தால் அது குற்றம். பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்தது) 326-ஆம் பிரிவு அரசு ஊழியர் நிறுவிய எல்லைக்குறியை அழிப்பதையோ நகர்த்துவதையோ தனியாகச் சொல்கிறது. ஓராண்டு வரை சிறை. நீங்களே நட்டுக்கொண்ட கல்லுக்கு இந்தப் பிரிவு வராது.

சர்வேயர் காட்டிய கோட்டைப் பக்கத்துக்காரர் ஏற்கவில்லை. அல்லது எனக்கே சந்தேகம். அடுத்து?

மறு அளவைக்கு மனுக் கொடுக்கலாம். குறுவட்ட அளவருக்கு மேல் உள்ள வட்ட அளவிலான நில அளவை அலுவலர் வந்து பார்ப்பார். முதல் அளவையில் எந்தக் கல், எந்த நீளம் பிசகு என்று குறிப்பிட்டு எழுதினால் மனுவுக்கு மதிப்பு இருக்கும். "சரியாக அளக்கவில்லை" என்று மட்டும் எழுதுவதால் பயனில்லை.

பிசகு அளவையில் இல்லாமல் பட்டாவிலேயே இருந்தால் பாதை வேறு. பட்டா உத்தரவை எதிர்த்துக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அங்கிருந்து மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு. தருமபுரி மாவட்டத்துக்குத் தருமபுரி, அரூர். கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குக் கிருஷ்ணகிரி, ஓசூர் ஆகியவை கோட்டங்கள். திங்கள்கிழமை குறைதீர் நாளிலும் ஜமாபந்தியிலும் (ஆண்டுதோறும் நடக்கும் வருவாய்க் கணக்குத் தணிக்கை) மனுக் கொடுக்கலாம்தான், அதுவும் கடைசியில் இதே மேசைகளுக்குத்தான் வரும். வருவாய்த் துறை யாருக்கு உரிமை என்று முடிவு செய்யாது. அது நீதிமன்றத்தின் வேலை.

காவல் நிலையத்தில் "சிவில் மேட்டர்" என்று அனுப்பிவிட்டார்கள்.

எல்லை எங்கே என்பது சிவில் மேட்டர்தான். அடிதடி, மிரட்டல், பயிரை அழித்தது, அத்துமீறி நுழைந்தது ஆகியவை அல்ல. புகாரில் இரண்டையும் கலக்காமல் நடந்த செயலை, தேதி, நேரம், பார்த்தவர் பெயரோடு எழுதி புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள். கைகலப்பாகும் நிலை இருந்தால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 164-ஆம் பிரிவின்படி (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 145) கோட்டாட்சியர் விசாரித்து, அப்போது அனுபவத்தில் இருப்பவர் யார் என்று உத்தரவிடலாம். அதுவும் உரிமையைத் தீர்மானிக்காது.

நீதிமன்றம் போனால் என்ன கேட்க வேண்டும்?

தடையுறுத்துக்கட்டளை மட்டும் கேட்டு வழக்குப் போடுவது வழக்கமான தவறு. உங்கள் உரிமையையே எதிராளி மறுக்கிறார் என்றால் உரிமை விளம்புகையும் (நிலம் உங்களுடையது என்ற அறிவிப்பு), நிலம் அவர் கையில் போயிருந்தால் சுவாதீனமும் (நிலத்தைத் திரும்ப ஒப்படைப்பது) சேர்த்துக் கேட்க வேண்டும் என்பது 2008-ல் உச்ச நீதிமன்றம் அனதுலா சுதாகர் வழக்கில் விளக்கிய நிலை. உடனே வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கச் சொல்லி மனுப் போடுங்கள். அவர் சர்வேயரோடு வந்து அளந்து தரும் அறிக்கையைச் சுற்றித்தான் எல்லை வழக்கு நடக்கும். எதிராளி முந்திக்கொண்டு தடை வாங்குவார் என்று பயந்தால், உங்களைக் கேட்காமல் உத்தரவிட வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்கும் கேவியட் மனு தாக்கல் செய்யலாம். 90 நாள் செல்லும்.

வக்கீலுக்குப் பணமில்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள்; இலவச எண் 15100. மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தால் கட்டணமில்லை, அதன் தீர்வுக்கு மேல்முறையீடும் இல்லை. எல்லைத் தகராறுக்கு நாங்கள் முதலில் சொல்வது இந்த வழியைத்தான்.

"பன்னிரண்டு வருஷமா உழுறேன், இனி என்னுது" என்கிறார்.

வெறும் வருடக் கணக்கு போதாது. உரிமையாளருக்கு எதிராக, வெளிப்படையாக, இடைவிடாமல் 12 ஆண்டு அனுபவித்ததை அவர்தான் நிரூபிக்க வேண்டும். நீங்களோ உங்கள் அப்பாவோ "சும்மாதானே கிடக்குது, உழுதுக்கோ" என்று விட்டிருந்தால் அது அனுமதி அனுபவம்; எத்தனை வருடமானாலும் உரிமையாகாது. ஆனால் வேலி போட்டு, கிணறு வெட்டி, நீங்கள் வாய் திறக்காமல் 12 ஆண்டு கடந்தால் நிலம் கைவிட்டுப் போகும் ஆபத்து நிஜம். பெங்களூருவிலோ திருப்பூரிலோ வேலையில் இருப்பவர்கள் வருடம் ஒருமுறையாவது வந்து எல்லையைச் சுற்றுங்கள். நகர்ந்திருந்தால் அந்த வருடமே எழுத்தில் ஆட்சேபம் தெரிவியுங்கள். அரசுப் புறம்போக்குக்குக் கெடு 30 ஆண்டு. ஓடையை வளைத்து வேலி போட்டால் அதற்கெல்லாம் முன்பே 1905-ஆம் ஆண்டு ஆக்கிரமிப்புச் சட்டப்படி பி-மெமோ என்கிற ஆக்கிரமிப்பு நோட்டீஸ் வரலாம்.

எல்லை முடிவாகிவிட்டது. வேலியை எங்கே, எப்படிப் போடுவது?

கல்லுக்குக் கல் நூல் கட்டி, நூலுக்கு உள்பக்கம் அரை அடி விட்டுக் குழி எடுங்கள். நடுக்கோட்டில் போட்டால் செலவும் பழுதும் யாருடையது என்று பேச்சு வரும்.

சதுரமான 1 ஏக்கருக்குச் சுற்றளவு சுமார் 835 அடி. 10 அடிக்கு ஒரு கல்கால் என்றால் 84 கால். 7 அடிக் கல்லில் 2 அடி மண்ணுக்குள் போக வேண்டும். ஐந்து வரிசை முள்கம்பிக்கு 4,175 அடி, ஏறக்குறைய 1,275 மீட்டர். முடிச்சுக்கும் சேதத்துக்கும் சற்றுக் கூட்டி வாங்குங்கள். மூலைக்காலுக்கு இரு திசையிலும் முட்டுக்கால் கொடுக்காவிட்டால் கம்பி இழுத்து மூலை உள்ளே சாயும். நீண்ட வரிசையில் பத்துக் காலுக்கு ஒரு முட்டும் வேண்டும்.

மனையில் மதில் என்றால் அடித்தளத்தை மறக்காதீர்கள். 9 அங்குலச் சுவருக்கு 2 அடி அகல அடித்தளம் போட்டால் சுவருக்கு வெளியே இருபக்கமும் ஏழரை அங்குலம் நீளும். சுவரின் வெளிமுகத்தை எல்லையில் வைத்தால் மண்ணுக்கடியில் அவர் இடத்துக்குள் போயிருப்பீர்கள். அவர் வீட்டுக்குக் குழி எடுக்கும்போது தெரியவரும். சுவரை உள்ளே தள்ளுங்கள், அல்லது அடித்தளத்தை உங்கள் பக்கம் மட்டும் நீளும்படி பொறியாளரிடம் வடிவமைக்கச் சொல்லுங்கள்.

உயிர்வேலி என்றால் கிளுவை நல்லது, கவாத்து செய்தால் அடங்கி நிற்கும். ஆனைக்கற்றாழை பக்கக்கன்று விட்டுப் பரவும். பத்து வருடத்தில் அது ஆறடிப் பட்டையாகிவிட, அதன் நடுவா ஓரமா எல்லை என்று புதுத் தகராறு கிளம்பும். கல்லை மூடாமல் மூலையில் இடம் விட்டு நடுங்கள்.

வரப்புப் புளியமரம் யாருக்கு?

அடிமரம் யார் நிலத்தில் நிற்கிறதோ அவருக்கு. சரியாகக் கோட்டின் மேல் நின்றால் இருவருக்கும் பொது. ஒருவர் மட்டும் வெட்ட முடியாது. உங்கள் பக்கம் நீட்டிய கிளையால் இடைஞ்சல் என்றால் சொல்லிவிட்டு எல்லைவரை கழிக்கலாம். அவர் மரத்து மாங்காயை உலுக்கிக்கொள்ள உரிமையில்லை.

காட்டுப்பன்றித் தொல்லை. வேலியில் கரண்ட் விடலாமா?

பம்புசெட் லைனிலிருந்து நேரடியாக மின்சாரம் விடுவது குற்றம். ஆள் செத்தால் கொலைக்குச் சமமான வழக்கு வரை போகும். 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளி அருகே இப்படிப்பட்ட வேலியில் மூன்று யானைகள் இறந்து, விவசாயி கைதானார். அதே ஆண்டு வந்த மாநில விதிகளின்படி, காப்புக்காட்டை ஒட்டிய பகுதிகளில் சூரிய மின்வேலிக்கும் வனத்துறை அனுமதி வேண்டும். துடிப்பு மின்சாரம் தரும் தரச்சான்று பெற்ற கருவியே பயன்படுத்த வேண்டும். எல்லை தகராறில் இருக்கும்போது அந்தப் பக்கம் மின்வேலியே வேண்டாம்.

சமாதானம் ஆகிவிட்டோம். முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டால் போதுமா?

இருவரும் சர்வேயர் கோட்டையே ஏற்கிறீர்கள், யார் நிலமும் கைமாறவில்லை என்றால், அளவை வரைபடத்தை இணைத்து இரு சாட்சியுடன் எழுதிய ஒப்பந்தம் பின்னாளில் நல்ல சான்று. கோட்டை நேராக்க அரை சென்ட் அங்கே, அரை சென்ட் இங்கே மாற்றிக்கொள்கிறீர்கள் என்றால் அது பரிவர்த்தனை. பதிவு செய்யாமல் செல்லாது. பதிந்த பிறகு உட்பிரிவுக்கும் விண்ணப்பித்து, புலப்படத்தில் புதிய கோடு ஏறிவிட்டதா என்று தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வழக்கு நிலுவையில் இருந்தால் ஒப்பந்தத்தை அதே நீதிமன்றத்தில் சமரச மனுவாகத் தாக்கல் செய்து அதன்படி தீர்ப்பாணை வாங்குங்கள்.